ஏற்காட்டுக்கு முதல்முறை சொந்தக் காரில் போகிறவர்களுக்கு

சேலத்தில் கார் வாங்குகிறவர்கள் முதலில் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு எடுத்துப்போய் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு. அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சுற்றிப் பழகிய கையோடு 20 கொண்டை ஊசி வளைவு. பின்சீட்டில் மாமியார், மடியில் குழந்தை, டிக்கியில் புளிசாதம்.

நானும் அப்படித்தான் போனேன், பழைய கார் ஒன்றை வாங்கிய இரண்டாவது வாரத்தில். பாதி மலையில் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. ரேடியேட்டரில் கூலன்ட் இல்லை, வெறும் குழாய்த்தண்ணீர்தான் இருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊருக்குள் மாதக்கணக்கில் அந்தத் தண்ணீரை வைத்தே ஓட்டியிருக்கலாம், ஒன்றும் தெரிந்திருக்காது. சமவெளியில் பதுங்கிக் கிடக்கிற கோளாறை எல்லாம் மலை ஒரு மணி நேரத்தில் வெளியே இழுத்துவிடும்.

புதியவர்கள் எல்லாரும் ஏறுவதற்குத்தான் பயப்படுகிறார்கள். ஏறும்போது கெட்டால் வண்டி நிற்கும், நேரமும் காசும் போகும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது இறக்கத்துக்கு. அதனால் இந்தக் கட்டுரையில் இறங்குவதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் மற்றவை.

முந்தின நாள் மாலை

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பானெட்டைத் திறங்கள். கூலன்ட் டப்பாவில் மேல்கோடு, கீழ்கோடு என்று இரண்டு இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் திரவம் நிற்க வேண்டும். நிறம் பச்சையோ சிவப்போ எதுவானாலும் சரி, துருநிறமாகக் கலங்கியிருந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் மலைக்குக் கிளம்பாதீர்கள். அதோடு மூடியின் ரப்பரையும் பாருங்கள். உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பது அந்த மூடிதான். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏற்காட்டில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தை விட்டுவிட்டால் ரேடியேட்டருக்குள்ளும் அதே கதைதான்.

அடுத்து பிரேக் ஆயில். இது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். பெரும்பாலான கார்களில் ஊற்றும் டாட் 4 வகை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரிவரை கொதிக்கக் கூடாது என்பது தரக் கணக்கு. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள், எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் மாற்றிவிட்டே மலையேறுங்கள். கறுத்துப்போன பிரேக் ஆயிலோடு கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எலுமிச்சம்பழம்தான் நினைவுக்கு வரும். நூறு பழம் நசுக்கினாலும் அது பிரேக் ஆயிலுக்கு ஈடாகாது.

டயருக்கு ஏர் பிடிப்பதற்கு முன்னால் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பல கார்களில் குறைந்த பாரத்துக்கு ஓர் எண்ணும், ஆள் நிறைந்தால் இன்னோர் எண்ணும் போட்டிருக்கும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இரண்டாவது எண். மலைக்குப் போகிறோம் என்று காற்றைக் குறைக்கச் சொல்கிறவர்கள் உண்டு, கேட்காதீர்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் சட்டப்படியே அது கழித்துக்கட்ட வேண்டிய டயர். பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் இருக்கும். ரப்பர் அந்த மேட்டு மட்டத்துக்கு வந்துவிட்டால் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் பழசாகி வெடிப்பு விட்டிருந்தால் நம்பக் கூடாது.

ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. பஞ்சராகி நிற்கும்போது ஸ்டெப்னியை இறக்கினால் அதுவும் சப்பையாக இருக்கும். ஜாக்கி, வீல் ஸ்பேனர் இரண்டும் டிக்கியில் இருக்கின்றனவா என்றும் ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிவாரம்

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அஸ்தம்பட்டி, கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டினால் அடிவாரம். குப்பனூர் வழியாகவும் ஒரு பாதை உண்டு. கோடை விழா நாட்களில் ஒரு பாதையில் ஏறி மறு பாதையில் இறங்கும்படி போலீஸ் மாற்றிவிடுவது வழக்கம், அதனால் மே மாதம் போகிறவர்கள் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மழைக்காலத்திலும் அப்படியே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. இரண்டு நாள் தொடர்மழை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஏற்காடு எங்கேயும் போய்விடாது.

அடிவாரத்தில் ஒரு டீ குடிக்க நிறுத்துங்கள். டீக்காக மட்டும் சொல்லவில்லை. காருக்கு அடியில் குனிந்து ஒழுகல் இருக்கிறதா என்று பார்க்க நல்ல இடம் அது. ஏசியிலிருந்து சொட்டும் சுத்தமான தண்ணீர் பிரச்சினை இல்லை. பிசுபிசுப்பாகவோ நிறமாகவோ சொட்டினால் அங்கிருந்தே திரும்புங்கள், மெக்கானிக் கடைகள் கீழேதான் அதிகம்.

ஏறும்போது

மேலே போகப்போகக் காற்று லேசாகும். ஏற்காட்டு உயரத்தில் இன்ஜினுக்குக் கிடைக்கும் காற்று சேலத்தில் கிடைப்பதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் கார் மூச்சு வாங்குவது இதனால். கார் கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம், ஏசியை அணைத்துவிட்டு ஒரு கியர் குறையுங்கள்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, மூன்றாவது கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து ஏற்றப் பார்ப்பது. இன்ஜின் முக்கி முனகும், வேகம் வராது, சூடு மட்டும் ஏறும். சத்தம் வருகிறதே என்று கூச்சப்படாமல் இரண்டாவது கியருக்கு வாருங்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் கூலன்டை ஓட்டிச் சூட்டைத் தணிக்கும் வாட்டர் பம்பும் வேகமாகச் சுற்றும்.

வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றாதீர்கள், நுழைவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், ஆகவே இடதுபுறம் திரும்பும் வளைவு உள்வட்டம். அதுதான் செங்குத்து, அதுதான் குறுகல். முதல் கியர் கேட்கும். வலதுபுறம் திரும்புவது வெளிவட்டம், இடம் தாராளம். தாராளமாக இருக்கிறதே என்று வலது ஓரத்தை வெட்டிக்கொண்டு போகத் தோன்றும். அந்த ஓரம் எதிரே இறங்கி வருகிறவனுடையது.

மேலிருந்து பேருந்து வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்னாலேயே ஒதுங்கி நின்றுவிடுங்கள். குறுகலான மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி உங்கள் பக்கம்தான், ஆனால் பேருந்துக்கு வளைவு முழுவதும் வேண்டும். வழக்குப் பேச அது இடமில்லை.

ஏற்றத்தில் நின்று கிளம்ப இதைப் பழகிக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்துவிடுங்கள். முதல் கியர் போடுங்கள். கிளட்சை மெல்ல விடும்போது ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கனக்கும், காரின் மூக்கு லேசாகத் தூக்கும். அங்கே காலை நிறுத்தி, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, அப்புறம் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். கோரிமேட்டுக்கு முன்னால் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மேட்டில் இருபது முறை செய்து பார்த்தால் கைவந்துவிடும். பிரேக்கும் இல்லாமல் ஹேண்ட் பிரேக்கும் இல்லாமல் ஆஃப் கிளட்சிலேயே, அதாவது கிளட்சைப் பாதி விட்டபடியே, காரை ஏற்றத்தில் பிடித்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கத் திறமை போலத் தெரியும். கருகிய வாசனை வந்தால் அது கிளட்ச் தட்டு எரிகிற வாசனை.

சூடாகி நின்றால்

இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பை நோக்கிப் போகத் தொடங்கியதும் செய்ய வேண்டியது இது. ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுவதும் திருப்பி ஃபேனை அதிகபட்சம் வையுங்கள். சேலத்து வெயிலில் இதைச் சொன்னால் பின்சீட்டிலிருந்து திட்டு விழும், பரவாயில்லை. ஹீட்டருக்குள்ளும் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது, இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது காருக்குள் இழுத்துக்கொள்ளும். அடுத்த அகலமான இடத்தில், வளைவைத் தாண்டி, நிறுத்துங்கள். ஆவி வந்தால் உடனே இன்ஜினை அணையுங்கள். ஆவி இல்லையென்றால் இரண்டு நிமிடம் ஓடவிட்டு முள் இறங்குகிறதா பாருங்கள்.

பிறகு அரை மணி நேரமாவது எதையும் தொடாதீர்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால், அழுத்தத்தில் அடங்கிக் கிடந்த தண்ணீர் கொதித்துக்கொண்டே முகத்துக்கு வரும். துணி போட்டுத் திறக்கலாம் என்று யாராவது உதவிக்கு வருவார்கள். நன்றி சொல்லிவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். ரேடியேட்டர் ஃபேன் பக்கமும் கை போகக் கூடாது, இன்ஜின் அணைந்திருந்தாலும் அது திடீரென்று சுற்றும். கையில் பிடிக்கிற அளவு ஆறிய பிறகு மூடியை மெல்லத் திறந்து, டப்பாவில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். வெறும் குழாய்த்தண்ணீர் என்றாலும் அன்றைக்கு அதுவே போதும். ஆனால் மேலே போக வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

வழியில் பஞ்சர்

வளைவில் டயர் சப்பையானால் அங்கேயே நிற்க வேண்டாம். இருபது முப்பது மீட்டர் மெல்ல உருட்டி நேரான இடத்துக்குப் போங்கள். டயர் பாழானால் போகட்டும். ஹேண்ட் பிரேக், முதல் கியர், ஹசார்ட் விளக்கு. இறக்கத்துப் பக்கமாகச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, எல்லாரையும் மலையோரப் பக்கம் இறக்கி நிறுத்துங்கள். நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும், தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் சுற்றும், ஜாக்கி சாயும். மாட்டும்போது எதிரெதிர் நட்டாக இறுக்குங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள். நடுச்சாலையில் விட்டுப்போன கல், இருட்டில் வரும் பைக்காரனை விழ வைக்கும்.

மேலே போன பிறகு

சரிவில் நிறுத்தும்போது கார் இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர், ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர். ஸ்டியரிங்கைத் திருப்பி, கார் உருண்டால் மண்ணோரத்தில் போய் முட்டும்படி விடுங்கள். காருக்குள் சிப்ஸ் பாக்கெட் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போகாதீர்கள். குரங்குகள் கண்ணாடியில் தொற்றும், வைப்பர் ரப்பரை உருவும்.

இரவு தங்குகிறவர்களுக்குக் காலையில் பேட்டரி தொல்லை வரலாம். மூன்று நான்கு வருடப் பழைய பேட்டரி சேலத்துச் சூட்டில் ஒப்பேற்றிக்கொண்டிருக்கும், ஏற்காட்டுக் குளிரில் காலை வாரும். இன்னொரு காரிலிருந்து ஒயர் போடுவதானால் வரிசை முக்கியம். சிவப்பு ஒயரை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸிலும் அடுத்து நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்பு ஒயரின் ஒரு முனையை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறு முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல் இன்ஜினின் ஏதாவது பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் தீப்பொறி வரும், அது பேட்டரிக்குப் பக்கத்தில் வரக் கூடாது. தள்ளி ஸ்டார்ட் செய்வது கியர் காரில் மட்டும் நடக்கும். மலைச்சரிவில் மட்டும் வேண்டாம், இன்ஜின் பிடிக்காவிட்டால் பிரேக்கும் கல்லாகிவிடும்.

பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோபீம் போட்டு, இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லப் போங்கள். ஓடும்போது ஹசார்ட் விளக்கு வேண்டாம், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. உள்கண்ணாடி மூடிக்கொண்டால் ஏசியைப் போட்டு, கதகதப்பான காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். குளிரும்போது ஏசி எதற்கு என்று கேட்பார்கள். ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துவிடும், அதற்குத்தான்.

இறங்கும்போது

கிளம்புவதற்கு முன் டிரைவர் சீட்டுக்கு அடியில் பாருங்கள். தண்ணீர் பாட்டில், ஆரஞ்சுப் பை, குழந்தையின் பந்து எதுவாக இருந்தாலும் எடுத்து டிக்கியில் போடுங்கள். ஏறும்போது பின்னால் உருண்டதெல்லாம் இறங்கும்போது முன்னால் வரும், நேராக பிரேக் பெடலுக்கு அடியில்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் 1,200 மீட்டர் கீழே இறங்கினால், அதில் வெளிப்படும் ஆற்றல் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இரண்டு பெரிய குடம் தண்ணீர் என்று வையுங்கள். காற்றும் சாலையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்வது கியரைப் பிடித்திருக்கும் உங்கள் இடதுகை. கியரைக் குறைத்தால் இன்ஜின் வாங்கிக்கொள்ளும், ரேடியேட்டர் அதை வெளியே தள்ளும். கியரைக் குறைக்காவிட்டால் மொத்தமும் நான்கு பிரேக்குகளின் தலையில். சூடேறிய பிரேக் பிடிக்காது. இன்னும் சூடேறினால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழிவிடும், பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போகும்.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவதில் ஏறிய இடத்தில் இரண்டாவது, முதலில் ஏறிய வளைவில் முதல் கியர். இன்ஜின் ஊளையிடுவது போலச் சத்தம் வரும். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் சிவப்பைத் தொடாதவரை அந்தச் சத்தத்தால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது.

பிரேக்கை மேலோட்டமாக மிதித்துக்கொண்டே வராதீர்கள். வேகம் கூடும்போது அழுத்தமாக ஒரு மிதி, வேகம் குறைந்ததும் முழுவதும் விடுங்கள். இடையில் ஆறுவதற்கு பிரேக்குக்கு நேரம் கிடைக்கும்.

நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இப்போதைய இன்ஜின்களில் கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் அநேகமாக நின்றேவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் குடிக்கும். நியூட்ரல் ஆபத்து என்பதற்குச் சேலத்துக்காரர்கள் நூலகம் தேட வேண்டாம். பெங்களூர் சாலையில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. நியூட்ரலில் இறங்கி, பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிறவர்கள்மேல் ஏறிய லாரிகளைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் நம் ஊரில் யார்? நியூட்ரல் என்றில்லை, இறக்கமே ஆபத்துதான்: ஏற்காட்டுப் பாதையிலும் 2024 ஏப்ரல் 30 அன்று சேலம் நோக்கி இறங்கிய தனியார் பேருந்து 13ஆவது வளைவில் கவிழ்ந்து உயிர்கள் போயின. சாவியை அணைத்துவிட்டு உருட்டுவது நியூட்ரலைவிட மோசம். பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும், சாவியை உருவினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

கியர் போடத் தேவையில்லாத காரில் வருகிறவர்கள் டி-யிலேயே விட்டுவிடாதீர்கள். கிளட்ச் இல்லாமல் கியர் தானே மாறும் ஏ.எம்.டி. என்றால் மேனுவலுக்குத் தள்ளி இரண்டில் வையுங்கள், மற்ற வகைகளில் எல் அல்லது எஸ் என்று போட்டிருக்கும். மின்சாரக் கார்க்காரர்களுக்கு வேறொரு செய்தி. இறங்கும்போது மோட்டார் தானே பிடித்து பேட்டரியை நிரப்பும், பிரேக்குக்கு வேலை குறைவு. ஆனால் மேலே 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கினால் பேட்டரியில் இடம் இருக்காது, அந்தப் பிடிப்பும் குறைந்துபோகும். 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கருகிய வாசனை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ, அகலமான இடம் பார்த்து நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் கோணிவிடும். ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஓடும்போதே பெடல் தரைக்குப் போய்விட்டால் விடாமல் அடித்து அடித்து மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பி வரலாம். அதே நேரத்தில் ஒவ்வொரு கியராகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மலைப்பக்கத்து மண்ணில் காரை உரசி நிறுத்துங்கள். தகரம் நசுங்கும், நசுங்கட்டும்.

பின்னால் யாராவது ஹாரன் அடித்துக்கொண்டே வந்தால் ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள். அவசரம் அவருடையது.

அடிவாரத்தில் மறுபடி நிறுத்தும்போது சக்கரத்தின் பக்கத்தில் கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். அனல் முகத்தில் அடிக்கிற மாதிரி இருந்தால் அடுத்த முறை இன்னும் ஒரு கியர் குறைவாக இறங்க வேண்டும் என்று கணக்கு. தட்டுவடை செட் சாப்பிடுகிற நேரம் நிற்கட்டும். மறுநாள் காலையில், கார் ஆறியிருக்கும்போது, கூலன்ட் மட்டத்தை டப்பாவில் பேனாவால் ஒரு கோடு போட்டுக் குறித்துவையுங்கள். ஒரு வாரம் கழித்து அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது.